டயரைப் பார்க்கும் முன் கால் நீளத்தை அளந்துகொள்ளுங்கள்: பட்ஜெட் ஹார்ட்டெயில் வாங்குவது எப்படி?

"26-ஆ, 27.5-ஆ, 29-ஆ?" எம்டிபி எனப்படும் மலைப்பாதைச் சைக்கிள் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, சக்கரம் எத்தனை இன்ச் என்ற இதைத்தான். என்னைக் கேட்டால் இது ஃப்ரேமின் அளவு, தரம் இரண்டுக்கும் பிறகு மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயிலில் சீட், பெடல், செயின், கியர் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரேமை மாற்றினால் அது வேறு சைக்கிள். 15,000 முதல் 35,000 ரூபாய்க்குள் வாங்கும்போது ஃப்ரேமில் தொடங்குங்கள். சக்கர அளவு பாதிக்கு மேல் அதிலேயே முடிவாகிவிடும்.

படி 1: கால் நீளத்தை அளந்துகொள்ளுங்கள்

உங்கள் உயரம் மட்டும் போதாது. ஒரே உயரமுள்ள அண்ணன் தம்பிக்குக் கூடக் கால் நீளம் வேறாக இருக்கும். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்ட நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துகிற அளவுக்கு மேலே இழுத்துப் பிடியுங்கள். நோட்டின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதுதான் உங்கள் கால் அளவு.

அதை 0.57-ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் சுமார் 44.5 செ.மீ. வரும், அதாவது 17.5 இன்ச் ஃப்ரேம். இது பழைய கணக்கு. இன்றைய ஃப்ரேம்களில் பார் (ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஓடும் மேல் குழாய்) பின்பக்கம் சரிந்து இறங்குவதால், இந்த எண்ணை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியின் 'எம்' இன்னொரு கம்பெனியின் 'எஸ்' அளவுக்கு இருப்பதும் உண்டு.

படி 2: கடையில் ஏறி நின்று பாருங்கள்

ஓட்டும்போது போடும் ஷூவோடு போங்கள். சீட்டுக்கு முன்னால், பாரின் இருபக்கமும் கால் வைத்து நில்லுங்கள். உங்களுக்கும் பாருக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். மேடுபள்ளத்தில் சட்டென்று கால் ஊன்றும்போது இந்த இடைவெளியின் அருமை தெரியும்.

அடுத்து கைநீட்டம். உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் ஃப்ரேம் பெரிது. முட்டி ஹேண்டிலில் இடித்தால் சிறிது. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் நான் சிறியதைத்தான் சொல்வேன். சிறிய ஃப்ரேமில் சீட்டை ஏற்றலாம் (சீட் கம்பியில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியாத வரை), ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம் என்ற துண்டைச் சற்று நீளமானதாகப் போடலாம். பெரிய ஃப்ரேமைக் குறுக்க வழியே இல்லை. "பையன் வளர்ந்துவிடுவான்" என்று பெரியதாக வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தில்தான் நம்மில் பலர் குரங்குப் பெடல் போட்டுப் பழகினோம். காட்டுப் பாதையில் அந்த வித்தை செல்லாது.

படி 3: ஃப்ரேமின் தரம்

ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஃப்ரேம் குழாயில் ஒட்டினால் ஸ்டீல், ஒட்டாவிட்டால் அலாய், அதாவது அலுமினியக் கலவை. இந்த விலையில் கிடைக்கும் ஸ்டீல் பெரும்பாலும் ஹைடென் எனப்படும் சாதாரண ரகம். உறுதியானதுதான், ஆனால் கனம். சைக்கிளின் மொத்த எடை எளிதாக 17 கிலோவைத் தொடும். 6061 என்ற ரக அலாய் ஃப்ரேம் என்றால் 14, 15 கிலோவில் முடியலாம். ஏற்காடு ஏறும்போது அந்த இரண்டு கிலோ உங்களோடு பேசும்.

பின் கியர் மாட்டியிருக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே ஹேங்கர் என்ற சின்னத் துண்டு, ஃப்ரேமோடு சேராமல் தனியாக ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்க வேண்டும். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். தனித் துண்டு என்றால் மாற்றிவிடலாம். ஃப்ரேமோடு சேர்ந்தது என்றால் நிமிர்த்துவதற்குள் முறிந்துபோகும் ஆபத்து உண்டு.

ஹேண்டிலுக்குக் கீழே உள்ள ஹெட் ட்யூப், மேலே குறுகிக் கீழே பருத்திருந்தால் நல்லது. பிற்பாடு நல்ல ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) போட நினைத்தால் அதிகத் தேர்வு கிடைக்கும். டிஸ்க் பிரேக் மாட்டும் இடம் முன்னும் பின்னும் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னாலும் ஸ்பிரிங் வைத்த சைக்கிளை இதே விலைக்குக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும்.

படி 4: இப்போது சக்கரம்

பெயரில் உள்ள இன்ச்சை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 54-622 என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கில். 26-க்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. கழித்துப் பாருங்கள்: 27.5 நடுவில் இல்லை, 26-க்குத்தான் பக்கம். 29-ஐப் புதுமை என்று விற்கிறவர்களுக்கு ஒரு செய்தி: தாத்தா ஓட்டிய 28 இன்ச் கறுப்புச் சைக்கிளின் ரிம் 635 மி.மீ., அதைவிடப் பெரியது.

பெரிய சக்கரம் கல்லையும் வேரையும் எளிதாக ஏறிக் கடக்கும், வேகம் பிடித்தபின் நன்றாக உருளும். பதிலாக எடை கூடும், கிளம்ப நேரமெடுக்கும், குறுகிய திருப்பத்தில் சற்று மந்தம். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் எம்டிபி பந்தயத்தில் உயரமான யாரோஸ்லாவ் குல்ஹாவி 29-இல் தங்கம் வாங்கினார். அவரைவிடக் குள்ளமான நினோ ஷூர்ட்டர் 27.5-இல் வெள்ளி. இடைவெளி ஒரே விநாடி. அதைச் சக்கரத்தின் கணக்கில் எழுத முடியாது.

என் பரிந்துரை: ஐந்தடி நான்கு அங்குலத்துக்குக் கீழே 27.5. ஐந்தடி ஏழுக்கு மேலே 29. ட்ரெக் நிறுவனமே மார்லின் வரிசையில் சிறிய ஃப்ரேமுக்கு 27.5-உம் பெரியதற்கு 29-உம் போடுகிறது. நடுவில் இருப்பவர்கள் பாதையைப் பார்த்து முடிவு செய்யலாம். ஏரிக்கரை, செம்மண் சாலை, நீண்ட தூரம் என்றால் 29. வளைந்து நெளியும் ஒற்றையடிப் பாதை என்றால் 27.5. பெரியவர்களுக்கான புதிய சைக்கிளில் 26-ஐ நான் தேடமாட்டேன், நல்ல டயர்களின் தேர்வு குறைந்துகொண்டே வருகிறது.

சிறிய ஃப்ரேமில் 29 இருந்தால் ஒரு சோதனை. பெடல் இரண்டையும் தரைக்கு இணையாக வைத்து, ஹேண்டிலைத் திருப்புங்கள். முன் டயர் ஷூ நுனியில் உரசினால் அந்த ஜோடி உங்களுக்கு ஆகாது. "பிறகு சக்கரத்தை மட்டும் மாற்றிக்கலாம் சார்" என்பதையும் ஏற்காதீர்கள். 27.5 ஃப்ரேமில் 29 பெரும்பாலும் நுழையாது. 29 ஃப்ரேமில் 27.5 போட்டால் சைக்கிள் ஏறக்குறைய 2 செ.மீ. தாழ்ந்து, பெடல் கல்லில் இடிக்கும்.

பணம் கட்டும் முன்

சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அங்கேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள். ரிம் 'டபுள் வால்' (இரட்டைச் சுவர் கொண்டது) தானா என்று கேளுங்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பஞ்சர் கடையில் உங்கள் அளவு ட்யூப் கிடைக்கிறதா என்று முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். இல்லையென்றால் சைக்கிளோடு சேர்த்து இரண்டு ட்யூப் வாங்குங்கள், பைக் டயரில் இருப்பது போன்ற வால்வு உள்ளதாக. சீமைக்கருவேல முள் எந்த அளவு டயரையும் விட்டுவைப்பதில்லை.