ஏமாற்றிய கிளைப்படத்திற்கு விமர்சனம் எழுதுவது எப்படி: ‘பேண்ட் கேம்ப்’ படத்தை முன்வைத்து

புகழ்பெற்ற ஒரு படவரிசையிலிருந்து கிளைத்து வரும் படங்கள் ஏமாற்றமளிப்பது புதிதன்று. அந்த ஏமாற்றத்தைப் பற்றி எழுதப்படும் விமர்சனங்களும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. முதல் படம் அருமை, இது மட்டம், பெயரைக் காட்டிப் பணம் பார்க்கிறார்கள் என்று மூன்று வாக்கியங்களில் அவற்றைச் சுருக்கிவிடலாம். இவற்றில் பொய் எதுவும் இல்லாவிட்டாலும், படத்தைப் பார்க்காதவரும் இவ்வளவையும் எழுதிவிட முடியும். மூலப்படத்தில் எது சிரிக்க வைத்தது, அதில் எந்தப் பகுதியைக் கிளைப்படம் எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்ற கணக்கைத் தீர்க்கமாகப் போட்டுக் காட்டுவதே விமர்சகர் செய்ய வேண்டிய வேலை. அந்தக் கணக்கைப் போடும் முறையை, 2005 டிசம்பரில் நேரடியாக டிவிடியில் வெளியான ‘அமெரிக்கன் பை பிரசெண்ட்ஸ்: பேண்ட் கேம்ப்’ என்ற பதின்பருவ நகைச்சுவைப் படத்தைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் மூலப்படத்தை மறுபடியும் பாருங்கள். நினைவை நம்பி எழுதினால், அன்று நண்பர்களோடு சேர்ந்து சிரித்த சிரிப்பெல்லாம் படத்தின் கணக்கில் வரவாகிவிடும். 1999இல் வந்த ‘அமெரிக்கன் பை’ படத்தை ஆடம் ஹெர்ஸ் எழுதினார், பால் வைட்ஸ் இயக்கினார். ஏறத்தாழ 1.1 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 23 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய படம் அது. பள்ளி இறுதியாண்டில் இருக்கும் நான்கு நண்பர்கள், பட்டமளிப்புக்குள் தங்கள் கன்னிமையை இழந்துவிட வேண்டும் என்று சபதம் எடுக்கிறார்கள். கதையைக் கேட்டால் கொச்சையாகத்தான் இருக்கும். ஆனால் பார்க்கும்போது குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டியது வேறு. ஜேசன் பிக்ஸ் நடித்த ஜிம் என்ற பையன் எதைத் தொட்டாலும் அவமானப்படுகிறான், அந்த அவமானத்தின் நடுவே அவனுடைய தந்தை அறைக்குள் நுழைந்து, மகனைவிட அதிகமாகக் கூச்சப்பட்டுக்கொண்டே ஆறுதல் சொல்ல முயல்கிறார். யூஜீன் லெவி நடித்த அந்தத் தந்தையின் தடுமாற்றத்தில் கண்டிப்பும் கேலியும் கிடையாது, அன்பு மட்டுமே இருக்கிறது. அவமானம் நாயகன் தலையிலேயே விழுவதாலும், விழுந்தவனைத் தாங்கிக்கொள்ள ஒருவர் இருப்பதாலும்தான் நாம் தயக்கமின்றிச் சிரிக்கிறோம். இதை நீங்கள் கண்டுபிடித்து எழுதிவைத்துக்கொண்டால், கிளைப்படத்தை அளக்க ஒரு கோல் கையில் கிடைத்துவிடும்.

அடுத்து, கிளைப்படம் பிறந்த சூழலைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2001இலும் 2003இலும் வந்த இரண்டு தொடர்ச்சிகளும் திரையரங்குகளில் நன்றாக ஓடின. ஆனால் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. மூன்றாவது படத்துக்கு 5.5 கோடி டாலர் ஆனது. டிவிடி விற்பனை உச்சத்தில் இருந்த அந்நாட்களில், பெயர் தெரிந்த ஒரு படவரிசையின் உறையைப் போட்டுக் குறைந்த செலவில் ஒரு படத்தை எடுத்து நேரடியாகக் கடைகளுக்கு அனுப்புவது ஹாலிவுட் நிறுவனங்களுக்கு வழக்கமான வணிகமாக இருந்தது. யுனிவர்சல் நிறுவனம் ‘பிரிங் இட் ஆன்’ என்ற படத்தையும் இதே வழியில்தான் நீட்டித்துக்கொண்டு போனது. இவ்வளவையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சிறிய முதலீட்டைக் குற்றமாகவும் சொல்லாதீர்கள், சாக்காகவும் ஏற்காதீர்கள். முதல் படமே சிறிய முதலீட்டில் வந்ததுதான்.

இந்த இடத்தில் திறமையற்ற இயக்குநர் என்று எழுதிவிடும் ஆசை வரும். பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ‘பேண்ட் கேம்ப்’ படத்தை இயக்கிய ஸ்டீவ் ராஷ், 1978இல் பாடகர் பட்டி ஹாலியின் வாழ்க்கையைப் படமாக்கியவர். அந்தப் படம் இசைத் தழுவலுக்காக ஆஸ்கர் பரிசு பெற்றது. 1987இல் ‘காண்ட் பை மீ லவ்’ என்ற பதின்பருவ நகைச்சுவைப் படத்தையும் அவரே இயக்கினார். இசையும் பள்ளிப் பருவமும் கைவந்த ஒருவரிடம், பள்ளி இசைக்குழு மாணவர்கள் கோடையில் கூடும் ஒரு முகாமின் கதை வந்து சேர்ந்திருக்கிறது. காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான ஆளை எண்ணிப் பார்ப்பது கடினம். அப்படியிருந்தும் படம் ஏன் சறுக்கியது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் விமர்சனம் சுவையாகிறது, விடையைத் திரைக்கதையில் தேட வேண்டும் என்பதும் தெளிவாகிறது.

இனி முக்கியமான வேலை. மூலப்படவரிசையிலிருந்து கிளைப்படம் எவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் புதிய வீட்டில் வேலை செய்கிறதா, வெறுமனே வந்து நிற்கிறதா என்று பாருங்கள். ‘பேண்ட் கேம்ப்’ எடுத்துக்கொண்டவை நான்கு: ஸ்டிஃப்லர் என்ற குடும்பப் பெயர், ஜிம்மின் தந்தை, ஷெர்மன் என்ற பழைய சக மாணவன், இசை முகாம் என்ற இடம்.

ஸ்டிஃப்லரிலிருந்து தொடங்குவோம். மூலப்படங்களில் ஸீன் வில்லியம் ஸ்காட் நடித்த ஸ்டீவ் ஸ்டிஃப்லர், நண்பர் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் வம்புக்காரன். வாய்த்துடுக்கோடு வருவான், ஆணவத்தைக் காட்டுவான், அதற்குரிய தண்டனையையும் அந்தப் படத்திலேயே அனுபவிப்பான். ஊறுகாய் அளவுக்கு இருந்ததால்தான் அவன் ருசித்தான். கிளைப்படம் அவனுடைய தம்பி மேட்டை நாயகனாக்குகிறது. பள்ளி இசைக்குழுவிடம் செய்த விஷமத்துக்குத் தண்டனையாக அவன் முகாமுக்கு அனுப்பப்படுகிறான். அண்ணனைப் போலப் பேர்வாங்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை. இதை விமர்சனத்தில் எழுதும்போது, மேட்டாக நடித்த டாட் ஹில்கன்பிரிங்கை ‘போலி ஸ்காட்’ என்று தள்ளிவிடாதீர்கள். அண்ணனின் சிரிப்பையும் நடையையும் பிரதியெடுக்கும் வேலையைத்தான் திரைக்கதை அவருக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வேலையை அவர் விசுவாசமாகச் செய்திருக்கிறார். வம்புக்காரனைக் கதையின் நடுவே கொண்டுவந்து நிறுத்திய பிறகு, அவனுடைய வம்புக்கு ஆளாகிறவர்கள் எல்லோரும் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பதுதான் உண்மையான சிக்கல். முதல் படத்தில் அவமானப்பட்டவனின் பக்கத்தில் நாம் உட்கார்ந்திருந்தோம். இதில் அவமானப்படுத்துகிறவனின் பக்கத்தில் பெரும்பகுதி நேரம் உட்கார வைக்கப்படுகிறோம்.

ஜிம்மின் தந்தை இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. முகாமில் சச்சரவுகளைத் தீர்த்து வைக்கும் பொறுப்பில் அவர் வருகிறார், மேட்டுக்கு அறிவுரை சொல்கிறார். புருவம் அதே புருவம், இழுத்துப் பேசும் தயக்கமும் அதேதான். ஆனால் பெற்ற மகனிடம் பேசக் கூடாததைப் பேச வேண்டிய கட்டாயத்தில் பிறந்த சங்கடம், ஊரார் வீட்டுப் பையனிடம் பேசும்போது எங்கிருந்து வரும்? உறவை விட்டுவிட்டு நடிகரை மட்டும் அழைத்து வந்திருக்கிறார்கள். இதுபோன்ற ஒரு நுணுக்கத்தை எடுத்துக்காட்டிவிட்டால், ‘பழைய மந்திரம் இல்லை’ என்ற தேய்ந்த வாக்கியத்தை எழுத வேண்டிய தேவையே வராது. ஷெர்மனைப் பற்றி ஒரு வரி போதும். கிறிஸ் ஓவன் நடித்த அந்தப் பாத்திரம் இப்போது பள்ளியில் ஆலோசகராக இருக்கிறது, மேட்டை முகாமுக்கு அனுப்பிவைக்கிறது, அத்துடன் அதன் வேலை முடிகிறது.

இசை முகாமுக்கு வருவோம். முதல் படத்தில் அலிசன் ஹானிகன் நடித்த மிஷெல், வாயைத் திறந்தாலே முகாமில் நடந்த ஏதாவது ஒரு கதையைத் தொடங்குவாள். சலிப்பூட்டும் கதைகள் என்று எண்ணிக் கேட்பவர் காதை மூடிக்கொண்டிருக்க, படத்தின் கடைசியில் அவள் சொல்லும் ஒன்று எல்லோரையும் தூக்கிவாரிப் போடும். அந்த நகைச்சுவையின் உயிர், முகாமை நாம் பார்க்கவே இல்லை என்பதில் இருந்தது. இரண்டாவது படம் முகாமுக்குள் ஒருமுறை நுழைந்தது உண்மைதான். அங்கும் டிராம்போனோடு மேடையேறி மானம் போகிறவன் ஜிம்தான், எனவே பழைய விதி மீறப்படவில்லை. கிளைப்படமோ முழு நேரமும் முகாமிலேயே குடியிருக்கிறது. அப்படிக் குடியேறிய பிறகு, மிஷெலின் கதைகளில் இருந்த விசித்திர உலகத்தைக் காட்டியிருக்க வேண்டும், அல்லது அந்த உலகம் உண்மையில் எவ்வளவு சாதாரணமானது என்றாவது காட்டியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. எந்தக் கோடை முகாமிலும் நடக்கக்கூடிய குறும்புகளும் இரண்டு பள்ளிகளுக்கு இடையிலான போட்டியும்தான் நிறைந்திருக்கின்றன.

விரும்பத்தகாத பகுதியைத் தவிர்க்காமல் எழுத வேண்டும். மேட்டின் திட்டம், முகாமில் இருக்கும் பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் மறைவாகப் படம்பிடிப்பது. இதைப் பற்றி எழுதும்போது இரண்டு பக்கமும் வழுக்கும். ‘அந்தக் காலத்துப் படம்’ என்று மழுப்பினால் நேர்மை போய்விடும், அறவுரையாக நீட்டினால் விமர்சனம் போய்விடும். ஒப்பிட்டுக் காட்டுவதே நல்ல வழி. 1999 படத்திலும் வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த ஒரு பெண்ணின் அனுமதியின்றி இணையக் கேமரா வழியே அவளைப் பள்ளி முழுவதும் பார்க்கும் காட்சி இருக்கிறது. அது அன்றும் தவறு, இன்று பார்க்க இன்னும் கூச்சமாகவே இருக்கிறது. அந்தக் காட்சி கடைசியில் ஜிம்மைத்தான் ஊர்ச்சிரிப்பாக்குகிறது என்றாலும், நாடு திரும்ப நேர்வது அந்தப் பெண்ணுக்கே என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். மூலப்படத்தின் மீதுள்ள பிரியத்தால் அதற்கு மட்டும் சலுகை காட்டினால், கிளைப்படத்தின் மீது நீங்கள் சொல்லும் குற்றச்சாட்டுக்கு வலுவிருக்காது. முதல் படத்தில் ஒரு காட்சியாக இருந்த தவறு, கிளைப்படத்தில் கதையை நகர்த்தும் எந்திரமாகவே ஆகிவிட்டது என்ற வேறுபாட்டை இப்படி எழுதும்போதுதான் வாசகர் ஏற்றுக்கொள்வார்.

நல்லது இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். ஏரியல் கெபல் நடித்த எலீஸ், இசைக்குழுவை வழிநடத்தும் மாணவி. இசைக் கல்லூரியில் சேர உதவித்தொகை வேண்டும் என்ற தெளிவான நோக்கம் அவளுக்கு இருக்கிறது, மேட்டைச் சிறுவயது முதலே தெரியும். படத்தில் எதையாவது இழக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அவளை நடுவில் வைத்து, மேட்டை ஓரத்து வம்புக்காரனாகவே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வாக்கியத்தில் கேட்கலாம், என் கணிப்பில் படம் பிழைத்திருக்கும். ஒரே வாக்கியம் போதும், நீங்கள் எடுக்க விரும்பும் படத்தின் கதையைப் பத்தி பத்தியாக எழுதுவது விமர்சனமாகாது. அதேபோல, நீங்கள் சிரித்த இடங்களை மறைக்காதீர்கள். நகைச்சுவைப் படத்தைப் பார்த்து நான்கு இடங்களில் சிரித்துவிட்டு, சிரிப்பே வரவில்லை என்று எழுதும் விமர்சகரை வாசகர் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்.

தமிழ் வாசகருக்காக எழுதும்போது கூடுதலாகச் சில கவனங்கள் தேவை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சீருடையணிந்து, பித்தளைக் குழல்களும் முரசுகளும் முழங்க, கால்பந்தாட்ட மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கும் மாணவர் இசைக்குழுக்கள் உண்டு. விளையாட்டு வீரர்களுக்குக் கிடைக்கும் மதிப்பு, திரைப்படங்கள் காட்டும் பள்ளி உலகில் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. இதை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டால், மேட்டுக்கு இந்த முகாம் ஏன் தண்டனையாகத் தோன்றுகிறது என்பது புரியும். வசனத்தில் வரும் கொச்சை நகைச்சுவையைத் தமிழில் திருப்பிச் சொல்ல முயலாதீர்கள், அது சிரிப்பையும் தராது, பத்தியையும் கெடுக்கும். படம் வயதுவந்தோருக்கானது என்பதையும், தணிக்கைச் சான்று பெறாத நீண்ட வடிவம் ஒன்று டிவிடியில் விற்கப்பட்டது என்பதையும் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுங்கள், பள்ளிக் கதை என்று நம்பிக் குடும்பத்தோடு உட்கார்ந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். கதை எந்த அளவுக்குச் சொல்லலாம் என்றால், மேட் முகாமுக்குப் போகும் காரணம் வரை தாராளமாகவும், எலீஸோடு அவனுக்கு நேரும் மனமாற்றத்தைக் கோடிட்டும் சொன்னால் போதுமானது.

இந்தப் படத்துக்குப் பின் 2006, 2007, 2009 ஆண்டுகளிலும் கிளைப்படங்கள் வந்தன, 2012இல் பழைய நண்பர் கூட்டம் திரையரங்குக்கே திரும்பி வந்து மீண்டும் 23 கோடி டாலரளவில் ஈட்டியது. பார்வையாளர்கள் தேடியது அந்த மனிதர்களைத்தான் என்று காட்ட இந்தத் தகவல் உதவும், அதற்கு மேல் வரலாறு வேண்டாம். எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூலப்படத்தைப் பெயர் சொல்லிப் புகழும் வாக்கியங்களையெல்லாம் நீக்கிவிட்டுப் படியுங்கள். மிச்சமிருப்பதில் ‘பேண்ட் கேம்ப்’ படத்தின் காட்சியோ பாத்திரமோ தெளிவாகத் தெரியாவிட்டால், நீங்கள் எழுதியது பழைய படத்துக்கு ஒரு பாராட்டுரை மட்டுமே. பின்னர் பெயர்களைச் சரிபாருங்கள், இந்த வரிசையில் அது தனி வேலை. மூலப்படங்களில் ஸ்டிஃப்லரின் தம்பியாகச் சிறுவனாக வந்தவர் ஈலை மரியந்தால், ‘பேண்ட் கேம்ப்’ படத்தில் அந்தத் தம்பி வேறு நடிகர். 2006, 2007 படங்களில் வரும் எரிக்கும் டுவைட்டும் அதே குடும்பத்தின் ஒன்றுவிட்ட சகோதரர்கள், 2020இல் வந்த இன்னொரு கிளைப்படத்தில் வருபவள் ஸ்டெஃபனி ஸ்டிஃப்லர். இவர்களில் ஒருவரை இன்னொருவராக எழுதிவிட்டால், வாசகர் பின்னூட்டத்தில் அந்தப் பிழையைத் தவிர வேறெதையும் பேசமாட்டார்.