ஏஐ படிக்கப் போறீங்களா? மாமரத்தடியில் தொடங்குங்க

பிளஸ் டூ முடித்து கவுன்சலிங்குக்குக் காத்திருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். பாடப்பிரிவின் பெயரில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) இல்லையே என்று கலங்க வேண்டாம், பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ செட்டிக்கரையில் உள்ள தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியிலோ கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால்கூட தாராளமாக இந்தப் பக்கம் வரலாம். பள்ளியில் படித்த அணிகள், நிகழ்தகவு, வகையீடு மூன்றையும் மறுபடி எடுத்துப் போட்டுப் பாருங்கள், ஏஐ பெரும்பாலும் அவற்றின்மேல்தான் நிற்கிறது. அப்புறம் பைத்தான் என்ற நிரல்மொழி. நல்ல லேப்டாப் இல்லையென்றாலும் பரவாயில்லை, இணையத்திலேயே நிரலை எழுதி ஓட்ட இடம் தரும் கூகுள் கொலாபில் இலவசமாகவே ஓட்டலாம்.

முதல் புராஜெக்டுக்கு இணையத்தில் எல்லோரும் எடுக்கும் பூனை, நாய் படங்களை எடுக்காதீர்கள். நம்ம ஊரில் பெங்களூரா மாங்காய் இருக்கிறது, கூழ் ஆலைகள் இருக்கின்றன, மண்டியில் இன்றும் கண்ணால் பார்த்துத்தான் ஆட்கள் தரம் பிரிக்கிறார்கள். நல்ல காய், அடிபட்ட காய், கரும்புள்ளி விழுந்த காய் என்று போனிலேயே படம் எடுங்கள், எது எந்தத் தரம் என்பதைப் பல வருஷமாகத் தரம் பிரிப்பவரிடம் கேட்டுக் குறியுங்கள். மொபைல்நெட் மாதிரி, படத்தில் இருப்பது என்ன என்று சொல்ல ஏற்கெனவே பயிற்சி பெற்ற மாடலை (ஏஐ நிரலை) எடுத்து, உங்கள் படங்களைக் கொண்டு கொஞ்சம் பழக்கினால் போதும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரே காயை நாலு பக்கம் படம் எடுத்து, மூன்றைப் பயிற்சிக்கும் ஒன்றைச் சோதனைக்கும் வைத்தால், 98 சதவீதம் சரி என்றுகூடக் காட்டும், ஆனால் அடுத்த தோட்டத்துக் காயைக் காட்டினால் தடுமாறும். அதனால் ஒரு தோட்டத்துக் காய்களை முழுசாகச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். நல்ல காயை வெயிலிலும் கெட்டதை நிழலிலும் எடுத்தீர்களானால் மாடல் காயைப் படிக்காது, வெளிச்சத்தைத்தான் படிக்கும்.

யானை இன்னொரு நல்ல களம். கோவை மதுக்கரையில் ரயில் பாதை ஓரம் யானை வருவதைக் கேமராவும் ஏஐயும் கண்டு எச்சரிக்கும் அமைப்பு 2024 முதல் இயங்குகிறது, ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் ராகி வயல் வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை சொல்லாமலே புரியும்.

சரி, மாடல் ஓடிவிட்டதா? அது தப்பாகச் சொன்ன படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி மண்டிக்குப் போங்கள். கெட்ட காயை நல்லது என்றால் ஆலைக்கு நஷ்டம், நல்ல காயைக் கெட்டது என்றால் விவசாயிக்கு நஷ்டம். இதில் எந்தத் தப்பைக் குறைக்க வேண்டும் என்று இரண்டு தரப்பிலும் கேட்டுவிட்டு, அதற்கேற்ப மாடலை மாற்றுங்கள்.