ஆன்லைன் கிளாஸ்ல பசங்கள கேள்வி கேக்க வைக்கிறது எப்படி?

கிளாஸ் முடியப்போற கடைசி ரெண்டு நிமிஷத்துல "யாருக்காச்சும் டவுட் இருக்கா?"ன்னு கேட்டா "இல்ல மிஸ்"னுதான் வரும், அதுவும் நாலு பேருகிட்ட இருந்து, மிச்சவங்க மியூட்ல. இதுக்குப் பசங்கள திட்டி பிரயோஜனமில்ல, எல்லாரும் கேக்குற மாதிரி மைக்க ஆன் பண்ணி புரியலன்னு சொல்ல பெரியவங்களே தயங்குவாங்க. கேள்விய கடைசில வைக்காதீங்க, அதுலயே பாடத்த ஆரம்பிங்க.

தனி ஊசல் பாடத்தையே எடுத்துக்கோங்க. ஃபார்முலா எழுதுறதுக்கு முன்னாடி ஃபெட் (PhET) சிமுலேஷன் தளத்துல பெண்டுலம் லேப்ப திறந்து ஸ்கிரீன் ஷேர் பண்ணி சும்மா ஆட விடுங்க (கொலராடோ யுனிவர்சிட்டிக்காரங்க நடத்துறது, ஃப்ரீ). விளக்கமெல்லாம் வேணாம். "இதப் பாத்தா என்ன கேக்கத் தோணுது, சாட்ல போடுங்க, அஞ்சு நிமிஷம்" அவ்ளோதான். அந்த அஞ்சு நிமிஷமும் கேள்வி மட்டும்தான், யாரும் பதில் சொல்லக்கூடாது, நீங்களும் "சூப்பர் கேள்வி"ன்னு பாராட்டக்கூடாது, ஏன்னா ஒருத்தன பாராட்டுனா அடுத்தவன் டைப் பண்ணத அழிச்சிடுவான். இது என் ஐடியா இல்ல, அமெரிக்காவுல ரைட் கொஸ்டின் இன்ஸ்டிட்யூட்காரங்க சொல்லிக்குடுக்குற முறை.

ஜூம்னா சாட் செட்டிங்ல மெசேஜ் ஹோஸ்டுக்கு மட்டும் வர்ற மாதிரி மாத்திடுங்க. அப்புறம் பேர் சொல்லாம நீங்களே ஒவ்வொண்ணா வாசிங்க. யார் கேட்டதுன்னு தெரியாதுன்னா கூச்சப்படுற புள்ளைங்களும் எழுதும்.

வர்ற கேள்வில பாதி "இது எக்ஸாமுக்கு வருமா"ன்னுதான் இருக்கும், கண்டுக்காதீங்க. நடுவுல "குண்ட வெயிட்டாக்குனா வேகமா ஆடுமா", "நிலால ஆடுமா", "ரொம்ப தூரம் இழுத்து விட்டா?"ன்னு வரும் பாருங்க, அதுல எத செஞ்சு பாத்தே கண்டுபிடிக்கலாம்னு பசங்களையே பிரிக்கச் சொல்லுங்க. அப்புறம் சிமுலேஷன அவங்க கைல குடுத்துடுங்க, போன்லயே ஓடும். எடைய ஏத்துனா ஆட்ட நேரம் மாறாது, நீளத்த ஏத்துனா மாறும், நிலாவுக்குப் போனா இன்னும் மெதுவாயிடும். அந்த மூணாவது கேள்வி இருக்கே, அதுதான் புதையல். வீச்சு, அதாவது இழுத்து விடுற தூரம், ஜாஸ்தியானாலும் நேரம் மாறாதுன்னு புக்ல இருக்கும், ஆனா 90 டிகிரி இழுத்து விட்டா நேரம் சுமார் 18 சதவீதம் கூடிடும். சின்னக் கோணத்துக்குத்தான் அந்த விதின்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி புள்ளையே "மிஸ், புக்கு தப்பா?"ன்னு கேக்கும், பதில அவசரப்பட்டு சொல்லிடாதீங்க.

அவசரம்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது, அமெரிக்காவுல அறிவியல் கல்விய ஆராய்ச்சி பண்ண மேரி பட் ரோ 1970கள்ல பாத்தது: டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, அத மூணு செகண்ட் ஆக்குனாலே பசங்க பதில் நீளுது, அவங்களா கேக்குற கேள்வியும் கூடுது. அது நேர்ல நடக்குற கிளாஸ். ஆன்லைன்ல அன்மியூட் பண்ணவே அந்த மூணு செகண்ட் போயிடும், டைப் பண்றவனுக்கு இன்னும் வேணும், அதனால மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அந்த அமைதி சங்கடமாத்தான் இருக்கும், பரவால்ல.

லைவ் கிளாஸுக்கு டேட்டா பத்தாம ரெக்கார்டிங் மட்டும் பாக்குற புள்ளைங்கள விட்றாதீங்க, அவங்க வாட்ஸப்ல வாய்ஸ் நோட்டா உங்களுக்கு மட்டும் கேள்வி அனுப்பட்டும், மறுநாள் கிளாஸ அதுல ஒண்ண வச்சே ஆரம்பிங்க.