மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் ஆறு ஓடுமா? படகுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருக்கலில் சறுக்குவது எந்தக் கணக்கிலும் வரும், அதை விடுவோம். படகுக் கணக்குக்கே உரிய தவறுகள் சில உண்டு.

நேரங்களை மாற்றிக் கழிப்பது

ஐந்து மதிப்பெண்ணை அப்படியே விழுங்குவது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் விடைத்தாளில் திரும்பத் திரும்ப வருகிறது.

அசைவற்ற நீரில் ஒரு படகின் வேகம் மணிக்கு 15 கி.மீ. நீரோட்டத்தை எதிர்த்து 36 கி.மீ. போக, அதே தூரம் திரும்பி வருவதைவிட 1 மணி நேரம் கூடுதலாகிறது. நீரோட்டத்தின் வேகம் என்ன?

அதை x என்போம். எதிர்த்துப் போக 36/(15−x) மணி, ஓட்டத்தோடு வர 36/(15+x) மணி. இதுவரை எல்லோரும் சரியாகவே வருகிறார்கள். அடுத்த வரியில் கை தன்பாட்டுக்குக் கூட்டல் குறி உள்ளதை முன்னால் வைத்துவிடுகிறது: 36/(15+x) − 36/(15−x) = 1. குறைந்த நேரத்திலிருந்து கூடின நேரத்தைக் கழித்தால் 1 எப்படி வரும்? அதைக் கேட்காமல் தீர்த்தால் x² − 72x − 225 = 0; x = 75 அல்லது −3. வேகம் குறை எண்ணாக இருக்காது என்று −3ஐ அடித்துவிட்டு, 75ஐச் சுற்றிக் கட்டம் போட்டுவிடுகிறார்கள். வெள்ளம் வந்த காவிரிகூட அந்த வேகத்தில் ஓடாது. 15 கி.மீ. படகு அதை எதிர்த்து ஓரடிகூட ஏறாது.

சமன்பாட்டில் போட்டுச் சரிபார்த்தாலும் தவறு பிடிபடாது என்பதுதான் இதில் பெரிய குழி. 36/90 = 0.4; 36/(−60) = −0.6, கழித்தால் 1. பொருந்திவிடுகிறது! பயண நேரம் −0.6 மணி என்பது கண்ணில் படுவதில்லை. விடையைக் கேள்வியின் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்.

சரியான வரி: 36/(15−x) − 36/(15+x) = 1. அதாவது 72x = 225 − x². (x+75)(x−3) = 0, எனவே x = 3. எதிர்த்து 12 கி.மீ. வேகத்தில் 3 மணி, திரும்ப 18 கி.மீ. வேகத்தில் 2 மணி. தொடங்கும்போதே ஓரத்தில் இரண்டு குறிப்பு எழுதுங்கள்: 'எதிர்த்தால் நேரம் கூடும்', 'x < 15'.

சராசரி வேகம்

போக 12, வர 18, ஆகவே சராசரி 15 என்று எழுதக் கூடாது. 72 கி.மீ.க்கு 5 மணி, 14.4தான். மெதுவாகப் போகும் பாதியில் படகு அதிக நேரம் இருக்கிறது. போகும்போது ஆறு பறித்த நேரம் வரும்போது முழுதாகத் திரும்பக் கிடைப்பதில்லை.

4 மணி 30 நிமிடம்

4.5. ஒருபோதும் 4.30 இல்லை.

மீட்டரும் கிலோமீட்டரும்

மணிக்கு 18 கி.மீ. என்றால் வினாடிக்கு 5 மீ. இது நினைவிருந்தால், வேகத்தை மாற்ற 5/18ஆல் பெருக்குவதா 18/5ஆல் பெருக்குவதா என்ற குழப்பம் வராது.

ஏற்கெனவே கூட்டியதை மறுபடி கூட்டுவது

'நீரோட்டத்தின் திசையில் மணிக்கு 18 கி.மீ.' என்று கொடுத்திருந்தால் ஆற்றின் வேகமும் அதற்குள்ளேயே இருக்கிறது. மறுபடி x சேர்க்காதீர்கள். இரு திசை வேகமும் தெரிந்தால் படகு (18+12)/2 = 15, ஆறு (18−12)/2 = 3; அந்தக் கணக்குக்கு இருபடிச் சமன்பாடே தேவையில்லை.