மான் வேட்டைக்கு அளவெடுத்துத் தோல் பூட்ஸ் செய்துகொள்வது எப்படி?

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் செம்மான் வேட்டை என்றால் முக்கால்வாசி நேரம் நடைதான். காற்று முகத்தில் அடிக்கும்படி வழி பார்த்து, மானின் கண்ணிலும் மூக்கிலும் படாமல் மணிக்கணக்கில் சுற்றி நடந்து, கடைசித் தூரத்தை வயிற்றால் தவழ்ந்து கடக்க வேண்டும். காலுக்கடியில் ஹெதர் புதர், கறுப்பு பீட் சேறு, ஓடை, வழுக்குப் பாறை. முறையான அனுமதி இருந்தால் துப்பாக்கியை எஸ்டேட்டிலேயே தருவது உண்டு. பூட்ஸை யாரும் தர மாட்டார்கள். கடையில் வாங்கும் பூட்ஸ் காலுக்குச் சரியாக அமையாதவர்களுக்கும், ஒரே ஜோடியைப் பல வருடம் வைத்திருக்க நினைப்பவர்களுக்கும் இந்தக் குறிப்பு.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டனில் நில உரிமையாளரின் அனுமதியோடு, சட்டப்படி போகிறவர்களுக்கு. ஓநாய் அழிந்துபோன ஸ்காட்லாந்தில் செம்மானை அடக்கிவைக்க வேறு விலங்கு இல்லை. எண்ணிக்கை மிஞ்சினால் இளம் மரக்கன்று ஒன்றும் தலையெடுக்காது. அதனால் ஆண்டுதோறும் கணக்குப் பார்த்துச் சுடுகிறார்கள்.

படி 1: எந்த நிலம், எந்த மாதம்?

பூட்ஸ் செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். திறந்த மலையில் செங்குத்தாக ஏறி இறங்குபவருக்குச் சோல் விறைப்பாக இருக்க வேண்டும். சரிவில் பக்கவாட்டாக நடக்கும்போது ஓரம் மடங்கக்கூடாது. இங்கிலாந்துக் காடுகளில் சிறிய ரோ மானைத் தேடிப் போகிறவருக்கு நேர் எதிர். மெதுவாக அடியெடுத்து வைத்து, கீழே சுள்ளி இருப்பது உள்ளங்காலுக்குத் தெரிந்தால்தான் அது ஒடிவதற்குள் காலைத் தூக்க முடியும். அதற்கு வளைந்துகொடுக்கும் சோல் வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று கேட்டால் இரண்டுக்கும் உதவாத ஒன்றுதான் கிடைக்கும். எங்கே அதிகம் போவீர்களோ அதற்கே செய்யுங்கள்.

மாதமும் முக்கியம். ஸ்காட்லாந்தில் ஆண் செம்மானுக்கு இருந்த வேட்டைத் தடைக்காலம் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் விருந்தாளிகள் பெரும்பாலும் செப்டம்பரிலும் அக்டோபர் 20 வரையிலும்தான் போகிறார்கள். பெண் மானைச் சுட அனுமதி அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. அப்போது பனியும் உறைபனியும் இருக்கும், தடித்த கம்பளி சாக்ஸ் போடுவீர்கள். அந்தச் சாக்ஸோடுதான் அளவே எடுக்க வேண்டும்.

படி 2: எவ்வளவு தூரம் ‘உங்களுக்கென்று’ வேண்டும்?

மூன்று விதம் உண்டு. முதலாவது, பட்டறையில் ஏற்கெனவே இருக்கும் லாஸ்டில், அதாவது பூட்ஸை இழுத்து உருவாக்கும் அச்சுக்கட்டையில், தோலும் சோலும் உயரமும் மட்டும் நீங்கள் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது, அதே கட்டையின் மேல் அங்கங்கே தோல் துண்டு ஒட்டி உங்கள் காலுக்கு ஏற்றபடி மாற்றுவது. மூன்றாவது, உங்கள் காலுக்கென்றே புதிதாகக் கட்டை செதுக்குவது. முதலாவதற்குச் சில நூறு பவுண்டு ஆகும். மூன்றாவது ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

தொடக்கக்காரர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது போதும் என்பது என் கருத்து. கட்டைவிரல் மூட்டுப் புடைப்பு, இரண்டு கால்களுக்கும் நடுவே பெரிய அளவு வித்தியாசம், மிக உயர்ந்த புறங்கால் இருப்பவர்கள் மட்டும் மூன்றாவதற்குப் போகலாம்.

படி 3: அளவு கொடுப்பது

இந்த வேலைக்கு மட்டும் அவசரமே கூடாது. காசு கொடுப்பது முக்கியமாக இதற்குத்தான்.

சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். உட்கார்ந்தபடி அளவு கொடுக்காதீர்கள். எடை இறங்கினால்தான் பாதம் நீண்டு அகலும். நல்ல கைவினைஞர் உங்களைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்து, பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைவார். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் அளவு குறைந்துவிடும், அதனால் அதை மெதுவாக நகர்த்துவார். பிறகு நாடாவால் விரல் மூட்டுகளைச் சுற்றி, நடுப்பாதத்தைச் சுற்றி, புறங்கால் மேட்டைச் சுற்றி அளப்பார். அப்புறம் குதிகாலின் பின்முனையிலிருந்து சாய்வாகப் புறங்காலுக்கு ஒரு சுற்று. கணுக்காலிலும், பூட்ஸ் முடியும் உயரத்தில் கெண்டைக்காலிலும் தனித்தனி அளவு. இரண்டு காலுக்கும் இத்தனையும் எடுக்க வேண்டும். ஒரு காலை மட்டும் அளந்துவிட்டு முடிந்தது என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

அந்தச் சாய்வுச் சுற்றைக் குறிப்பாகக் கவனியுங்கள். குதிகாலைப் பிடித்துவைப்பது அதுதான். குதிகால் உள்ளே கால் அங்குலம் ஏறி இறங்கினாலே முதல் ஏற்றத்தில் கொப்புளம் வந்துவிடும். சத்தம் வேறு: தளர்ந்த குதிகால் ஒவ்வொரு அடியிலும் ‘டொப்’பென்று இறங்கும். மானுக்கு அது போதும். விரல்பக்கம் தாராளமாக இருக்கட்டும். இறக்கத்தில் கால் முன்னால் தள்ளும்போதும் நுனியில் முட்டக்கூடாது, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் மூன்றில் ஒரு அங்குலம்தான் வித்தியாசம், சுமார் எட்டரை மில்லிமீட்டர். தடித்த சாக்ஸ் மறந்துபோனால் அரை எண் அப்படியே போய்விடும்.

படி 4: தோல்

மேல்பரப்பைத் தேய்க்காத முழுத் தோல், சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கனம், பெரிய துண்டாக, தையல் குறைவாக. ஒவ்வொரு தையலும் தண்ணீர் புகும் ஓட்டை. குதிகாலுக்குப் பின்னால் மட்டும் தையல் வரும்படி ஒரே துண்டில் வெட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். விலை கூடும், ஆனால் அந்தச் செலவு வீண்போகாது.

குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையாகவும் ஈரத்தைத் தாங்குவதாகவும் இருக்கும். மேல்பகுதிக்கு அதுவே நல்லது. மரப்பட்டையில் பதனிட்டது விறைப்பு, அது உள்சோலுக்கு. நாளாக ஆக அதில் உங்கள் பாதத்தின் அச்சு பதிந்துவிடும். இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தின் கோலிட்டன் ஊரில் ஓக் மரப்பட்டையில் ஒரு வருடத்துக்கு மேல் ஊறவைத்துப் பதனிடும் டேனரி இன்னும் இருக்கிறது. நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்ததும் இதே வேலைதான். சென்னையிலிருந்து அப்படிப் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் பிரிட்டனுக்கு ஏராளமாகக் கப்பலேறியது.

உள்ளே நீர்புகாச் சவ்வு வைக்கட்டுமா என்று கேட்பார்கள். ஒருநாள் நடைக்கு அது சரி. ஆனால் ஓடையைத் தாண்டும்போது தண்ணீர் மேல்வழியாக உள்ளே போனால் சீக்கிரத்தில் காயாது. சவ்வு கிழிந்தால் சரிசெய்யவும் வழியில்லை. வாரம் முழுக்கப் போகிறவர்களுக்கு மெழுகேற்றிய தோலும் உள்ளே தோல் லைனிங்கும்தான் நான் சொல்வேன்.

படி 5: அடிப்பகுதி

மேல்தோலைச் சோலோடு ஒட்டி மட்டும் தருவது இந்த வேலைக்கு ஆகாது. தைத்ததாக இருந்தால் சோல் தேய்ந்தபின் பிரித்து மாற்றலாம். மேல்தோலோடு வெல்ட் என்ற தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையில் சோலைத் தைக்கும் குட்இயர் வெல்ட் தையலே போதுமானது. ஈரநிலத்துக்கு வெல்ட்ஷூன் முறை இன்னும் நல்லது: மேல்தோலை உள்ளே மடிக்காமல் வெளியே விரித்து, ஓரமாகத் தைத்துவிடுவார்கள். மேலிருந்து வழியும் நீர் வெளியே போய்விடும்.

சோலுக்கு ஆழமான பற்கள் உள்ள ரப்பர். முன்பு மலைக்குப் போகிறவர்கள் ஆணி அடித்த தோல் சோலைத்தான் போட்டார்கள். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஆறு பேர் இறந்த விபத்துக்குப் பிறகு விட்டாலே பிரமானி பல் வைத்த ரப்பர் சோலை உருவாக்கினார். விப்ரம் என்ற பெயரே அவர் பெயரின் சுருக்கம். வட்டக் குமிழ் வைத்த மெல்லிய சோல் பார்க்க அழகாக இருக்கும். ஈரப் புல் சரிவில் அதை நம்ப முடியாது. குதிகாலுக்கு முன்னால் படி இருக்கட்டும், கெய்ட்டரின், அதாவது பூட்ஸின் மேல் கெண்டைக்காலைச் சுற்றிப் போடும் உறையின், அடிப்பட்டை அதில்தான் உட்காரும்.

படி 6: லேஸும் நாக்கும்

நாக்கின் இரண்டு ஓரமும் மேலே வரை மடிப்புத் தோலால் தைக்கப்பட்டிருக்க வேண்டும்; தண்ணீர் எவ்வளவு உயரம் வரை புகாது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. உயரம் எட்டு அங்குலம் போதும். கொக்கிகளைக் குறைக்கச் சொல்லுங்கள். தவழும்போது ஹெதர் தண்டு திறந்த கொக்கியில் மாட்டி இழுக்கும், விடுபடும்போது புதரே அசையும். கீழே முழுக்க வளையம், மேலே இரண்டு ஜோடி கொக்கி, அதன்மேல் கெய்ட்டர் என்றால் தொல்லை இல்லை.

படி 7: போட்டுப் பார்க்கும் நாள்

பட்டறையில் நடந்து பார்த்தால் மட்டும் போதாது. படிக்கட்டில் இறங்குங்கள், விரல் முட்டுகிறதா பாருங்கள். குனிந்து முழங்காலிடுங்கள். கூச்சப்படாமல் தரையில் குப்புறப் படுத்து முழங்கையால் நகருங்கள். அப்போது கணுக்கால் மடங்கும் இடத்தில் தோல் குத்தினால் உடனே சொல்லுங்கள். அங்கேயே தட்டி மென்மையாக்கித் தருவார்கள். குதிகால் கொஞ்சம் தூக்கினால் புதுச் சோல் வளையும்வரை அது சகஜம். சில நாளில் நிற்கவில்லையென்றால் திருப்பிக் கொண்டுபோங்கள்.

செப்டம்பரில் மலைக்குப் போவதாக இருந்தால் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே சொல்லிவிடுங்கள். பூட்ஸ் கைக்கு வந்ததும் முதலில் வீட்டுக்குள், பிறகு சிறு நடை, பிறகு ஏற்றம். ஒவ்வொரு நாளும் பீட் சேற்றைக் குளிர்ந்த நீரில் கழுவி, உள்ளே செய்தித்தாள் திணித்து, நெருப்பருகே வைக்காமல் உலர்த்துங்கள். லாட்ஜில் எல்லோரும் அடுப்புப் பக்கம்தான் பூட்ஸை வரிசையாக வைப்பார்கள், உங்களுடையதைக் கதவோரம் வைத்துவிடுங்கள். முழுதும் காய்வதற்குச் சற்று முன் மெழுகு தடவினால் நன்றாக உள்ளே இறங்கும். சோலின் பல் நடுப்பகுதியில் மழுங்கத் தொடங்கியதுமே மாற்றக் கொடுங்கள். தையல்வரை தேயவிட்டால் வெல்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.