ஃபேன் பெல்ட் சத்தம்: நானும் செய்த தவறுகள்

போன வாரம் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. பானெட்டைத் திறந்தால் கிறீச் என்று ஒரே சத்தம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பெல்ட் லூஸ். ஒரு சைஸ் சின்னதாப் போட்டா நின்னுடும்" என்றான். இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே கோளாறு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஃபேன் பெல்ட் என்பது இன்ஜின் சுற்றுவதை வாட்டர் பம்ப்புக்கும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் கொண்டுபோகும் பட்டை; அது ஓடும் சக்கரங்கள்தான் புல்லி. சுற்றும் புல்லியில் கை வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

சத்தம் வந்தால் இறுக்கிவிடுவது

அப்போது பொள்ளாச்சியில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். பழைய டீசல் டாக்ஸி ஒன்று. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நாலைந்து நிமிடம் தெருவையே எழுப்பும், அப்புறம் தானாக அடங்கிவிடும். முதலாளி ஊரில் இல்லை. ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி, கம்பியைக் கொடுத்து நெம்பி, சுண்டினால் தந்தி மாதிரி ஒலிக்கிற அளவுக்குப் பெல்ட்டை இறுக்கினேன். சத்தம் போயே போச்சு. டிரைவர் அண்ணன் சந்தோஷமாக 50 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, வால்பாறை மலையில், 40 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டாத இடத்தில் வாட்டர் பம்ப் பேரிங் உடைந்தது. கூலன்ட் முழுக்கச் சாலையில். ஓரம் கட்ட இடம் தேடி அவர் இன்னும் இரண்டு வளைவு ஓட்டியிருக்கிறார். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போனது; ஹெட்டும் வளைந்து லேத்துக்குப் போனது. அந்த 50 ரூபாயை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

பெல்ட்டை இறுக்கினால் அந்த இழுப்பு முழுவதும் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் பேரிங்குகளின் தலையில்தான் விழும். அவை உடனே சாகாது. அதுதான் தொல்லை: இறுக்கியவன் தப்பித்துவிடுவான், வண்டிக்காரர் மலையில் மாட்டுவார்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஏன் காலையில் மட்டும் கத்துகிறது என்பது. டீசல் வண்டியில் குளிர்ந்த இன்ஜினைச் சூடேற்றும் குளோ பிளக்கும் ஸ்டார்ட்டரும் சேர்ந்து பேட்டரியை ஒரு வாங்கு வாங்கியிருக்கும். அந்தக் குறையை நிரப்ப ஆல்டர்னேட்டர் முக்கி வேலை செய்யும்போது அதைச் சுற்றுவது கனமாகிவிடும், பெல்ட் வழுக்கும். பேட்டரி கொஞ்சம் தேறியதும் சத்தம் அடங்கும். சரி, நல்ல பெல்ட் எதற்கு வழுக்க வேண்டும்? முதலாளி திரும்பி வந்து ஆல்டர்னேட்டர் புல்லியில் நகத்தை வைத்துக் காட்டினார். வி வடிவத்தில் இருக்கும் இந்த வி பெல்ட், புல்லிப் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரையும் கவ்விக்கொண்டுதான் இழுக்கும், அடியில் உட்காரவே கூடாது. இங்கே சுவர் தேய்ந்து, பெல்ட் விளிம்புக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. பள்ளத்தின் அடி கண்ணாடி மாதிரி பளபளத்தது. புல்லியை மாற்றியிருந்தால் பழைய இறுக்கமே போதும்.

வி பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மி.மீ. அமுங்க வேண்டும், உங்கள் வண்டி மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு. புது பெல்ட் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், மறுபடி பாருங்கள்.

இப்போது வருகிற வண்டிகளில் டென்ஷனர் என்ற ஸ்பிரிங் கை பெல்ட்டைத் தானே இறுக்கிக்கொள்கிறது, நெம்ப முடியாது. அதனால் பையன்கள் சின்ன பெல்ட் போடுகிறார்கள். 6பிகே1080 என்றால் பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் ஆறு வரி, 1080 மி.மீ. நீளம். அங்கே 1070 போட்டால் டென்ஷனர் கை அளவுக்கு மீறி வளைந்து நிற்கும், பழைய வால்பாறைக் கதைதான். போன வாரக் காரில் ஐட்லிங்கில் அந்தக் கை படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. நல்ல டென்ஷனர் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். மாற்ற வேண்டியது அதைத்தான்.

தண்ணீர் ஊற்றிவிட்டுத் தப்பாகப் படிப்பது

வரியுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினால் பெல்ட்டே பதில் சொல்லும். சத்தம் கூடினால் வழுக்கல், அதாவது இறுக்கம் போதவில்லை. ஒரு நொடி நின்று மறுபடி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. குருவி மாதிரி கீச் கீச் என்று இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறைகிற சத்தம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. எதுவுமே மாறாவிட்டால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். 'சத்தம் நின்றது, அப்போ பெல்ட்தான்' என்று புது பெல்ட் வாங்க ஓடுகிறவர்கள்தான் அதிகம். அது நான்கு நாள் அமைதியாக இருக்கும்.

சோப்பு, மெழுகு, பெல்ட் ஸ்ப்ரே

வேண்டாம்.

லேசாகச் சுற்றும் புல்லியை நல்லது என்பது

பெல்ட்டைக் கழற்றி, அதற்கு வழிகாட்ட மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லியை விரலால் சுண்டிப் பாருங்கள். நல்லது கொஞ்சம் கனமாகச் சுற்றி நின்றுவிடும், உள்ளே கிரீஸ் இருக்கிறது. பம்பரம் மாதிரி நிற்காமல் சுற்றினால் புதிதாகப் பழகுகிறவர்கள் "சூப்பரா இருக்கு" என்பார்கள். கிரீஸ் காய்ந்து போன பேரிங் அது. காதைக் கிட்டே வைத்தால் மணல் அரைகிற மாதிரி கேட்கும்.

பெல்ட் இல்லாமல் இன்ஜினை ஓட்டிக்கொண்டே இருப்பது

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய நல்ல வழிதான். ஆனால் அரை நிமிடம் போதும், பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் சேர்ந்து நின்றுவிடும். வண்டியை நகர்த்தவும் கூடாது; சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்கூம் பம்ப் ஆல்டர்னேட்டரோடுதான் சுற்றுகிறது. கழற்றுவதற்கு முன் பெல்ட் போகும் வழியை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைநாள் சத்தம்

பத்து நொடியில் அடங்கினால் விடுங்கள்.

கிராங்க் புல்லியை மறப்பது

எல்லோரும் மேலே இருப்பதைப் பார்ப்பார்கள், கீழே குனிய மாட்டார்கள். இன்ஜினோடு சுற்றிப் பெல்ட்டை ஓட்டுவது கீழே இருக்கும் கிராங்க் புல்லிதான். பல வண்டிகளில் அது ஒரே இரும்பு இல்லை. நடுவில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது விட்டுப்போனால் வெளி வளையம் ஆடி, தட் தட் என்று அடிக்கும். கேட்பதற்கு இன்ஜினுக்குள்ளே ஏதோ போய்விட்ட மாதிரியே இருக்கும். அப்படி ஒருவர், இன்ஜினைப் பிரிக்கணும் என்று வேறு இடத்தில் சொல்லிவிட்டார்கள் என்று முகம் வாடி வந்தார். இன்ஜினை நிறுத்திவிட்டு, புல்லியின் நடுவிலிருந்து விளிம்பு வரை சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன். ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால், உள்கோடு ஓர் இடத்தில், வெளிக்கோடு இரண்டு விரல் தள்ளி.