பட்டதாரி, இடைநிற்றல் விகிதங்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் பின்னத்தின் பகுதியை (கீழே உள்ள எண்ணை) பாருங்கள். யாரில் இத்தனை சதவீதம் என்று தெரியாமல் போடும் ஒப்பீடுதான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

‘இடைநின்றவர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் கணக்கில் அவர் 18–24 வயதுக்காரர். கீழ் இடைநிலைக் கல்வியைத் தாண்டாதவர். கணக்கெடுப்புக்கு முந்தைய 4 வாரங்களில் படிப்பிலோ பயிற்சியிலோ இல்லாதவர். அந்த 4 வாரங்களுக்குள் ஒரு குறுகியகாலப் பயிற்சிக்குப் போயிருந்தாலும் பட்டியலிலிருந்து விலகிவிடுவார். அமெரிக்காவின் இடைநிற்றல் நிலை விகிதமோ (பள்ளியிலும் இல்லாமல், பள்ளி இறுதிச் சான்றும் இல்லாதவர்களின் சதவீதம்) 16–24 வயதை எடுக்கிறது. 16, 17 வயதினரில் பெரும்பாலோர் இன்னும் பள்ளியில்தான் இருப்பார்கள். அவர்களும் பகுதியில் சேர்வதால் விகிதம் தானாக இறங்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து அமெரிக்கா முந்துகிறது என்று எழுதுவது வீண்.

உயர்கல்விச் சேர்க்கை விகிதத்திலும் இதே சிக்கல். இந்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு மாணவர் எண்ணிக்கையை 18–23 என ஆறு வயதுப் பிரிவுகளின் மக்கள்தொகையால் வகுக்கிறது. 2021–22இல் கிடைத்த விடை 28.4 சதவீதம். யுனெஸ்கோ வகுப்பது ஐந்து வயதுப் பிரிவுகளால். மாணவர் எண்ணிக்கை மாறாமலே விகிதம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்துவிடும்.

ஆண்டுதோறும் வெளிவரும் பட்டதாரிகள் வேறு, மக்கள்தொகையில் பட்டம் பெற்றிருப்போர் வேறு. பின்னதில், பட்டத்தோடு குடியேறியவர்களும் அடக்கம். அது உள்நாட்டுக் கல்லூரிகளின் சாதனை ஆகாது. முன்னதில், படித்து முடித்ததும் ஊர் திரும்பும் வெளிநாட்டு மாணவர்கள் கூட்டிக் காட்டுவார்கள். ஆஸ்திரேலியாவுக்கு இந்த வேறுபாடு பெரிது. இளநிலையும் முதுநிலையும் முடித்த ஒருவர் இருமுறை எண்ணப்படவும் கூடும். ‘முதன்முறைப் பட்டதாரிகள்’, ‘வெளிநாட்டு மாணவர் நீங்கலாக’ என்ற பத்திகள் இருந்தால் அவற்றையே எடுங்கள். மொத்தப் பட்டமளிப்பு விகிதம் 100ஐத் தாண்டினால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்: எல்லா வயதுப் பட்டதாரிகளையும் ஒரே ஒரு வயதுப் பிரிவால் வகுத்தால் அப்படியும் வரும்.

பட்டத்தின் பெயரை நம்பாமல், யுனெஸ்கோவின் சர்வதேசக் கல்வி வகைப்பாட்டு நிலையைச் சரிபாருங்கள். ஜெர்மனியின் ‘மைஸ்டர்’ தொழிற்தகுதி 6ஆம் நிலை, அதாவது இளநிலைப் பட்டத்துக்குச் சமம். பல்கலைக்கழகப் பட்டங்களை மட்டும் எண்ணினால் அது விடுபடும்.

காலவரிசை வரையும்போது 2014இல் கோட்டை முறித்து வரையுங்கள். யுனெஸ்கோ வகைப்பாட்டின் 2011 பதிப்பு தரவுகளில் நடைமுறைக்கு வந்தது அப்போதுதான். அதற்கு முந்தைய வகைப்பாட்டில் இளநிலையும் முதுநிலையும் ஒரே நிலைக்குள் கிடந்தன.